கை காட்டிய இடம்

உட்காருங்க சாமி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்க. கண்மாயைத் தூர்வார ஜேசிபி வருவது திங்கட்கிழமைதானே? இன்றைக்கு வெள்ளி. நேரம் இருக்கிறது. காட்டுகிறேன் சாமி, காட்டாமல் என்ன. என் பிள்ளையைப் புதைத்த இடத்தை நான் காட்டாமல் யார் காட்டுவது? செசிலியின் எலும்பை எடுத்து அவள் அம்மா பக்கத்தில் வைக்கப்போகிறோம் என்று நீங்கள் பூசையில் சொன்னதைக் கேட்டேன். என் வீட்டுக்காரி மதலேன் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாசிக் கடைசியில் போனாள். நல்ல காரியம்தான் செய்கிறீர்கள். வெயில் கொஞ்சம் தாழட்டும், போவோம்.

அதுவரைக்கும் விழா மலருக்கு எழுதிக்கொள்ளுங்களேன். கோயிலுக்கு ஐம்பது வருஷம் என்று மலர் போடுகிறீர்கள், முதலில் வந்தவர்கள் கதை முதல் பக்கத்தில் வர வேண்டாமா? வந்தவர்களில் இப்போது பேசக்கூடியவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இல்லையென்றால் திருப்பூரில் மகன் வீட்டில் காது கேளாமல் கிடக்கிறார்கள்.

எட்டுக் குடும்பம் சாமி. எண்ணி எட்டு. எழுபத்து நாலில் சிலோனில், அட்டனில் கோச்சி ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருபது நாள் கிடந்து வந்தோம். எல்லாரும் ஒரே தேயிலைத் தோட்டத்து ஆட்கள். என் அப்பா அங்கே கங்காணி. முப்பது ஆளை மலையில் வேலைக்கு இறக்கி, சாயங்காலம் முப்பது பேரையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறவர். அவர் அங்கேயே செத்துப்போனார். அதனால் எட்டுக் குடும்பமும் என் முகத்தைப் பார்த்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

எதற்கெடுத்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ராயப்பா, எந்த வரிசையில் நிற்கணும்? ராயப்பா, இந்தத் தாளில் என்ன போட்டிருக்கு? கப்பலில் வரும்போது பஸ்தியான் மாமா கேட்டார், புதுக்கோட்டை எப்படி இருக்கும் என்று. நம்ம தோட்டம் மாதிரித்தான் மாமா, குளிர் கொஞ்சம் கம்மி என்றேன். சிரிக்கிறீங்க. நான் புதுக்கோட்டையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் யாராவது ஒருத்தன் சொல்ல வேண்டுமே சாமி. தெரியாது என்று சொன்னால் ஜனம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கங்காணி வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வரக்கூடாது என்று அப்பா சொல்வார். நான் சொன்னதில்லை. மண்டபத்திலும் சொன்னதில்லை, தாலுகா ஆபீசிலும் சொன்னதில்லை.

இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இந்த மேட்டைப் பார்த்தீர்களே, செம்பாறை. கடப்பாறையைப் போட்டால் பொறி பறக்கும். வீட்டுக்குக் கால் ஊன்ற ஒரு குழி தோண்டுவதற்குள் நாலு பேருக்குக் கை கொப்பளித்துவிட்டது. மரம் இல்லை. மழை இல்லை, அந்தப் பக்கத்தில் மழை பெய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து ஊர் மாங்கண்ணிப்பட்டிக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். அகதிகள் என்பார்கள். அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே அகதி. நாங்கள் அகதி இல்லை சாமி, தாயகம் திரும்பியவர்கள், கார்டிலே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் கார்டை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

முதலில் கோயில் வேண்டும் என்றார்கள் பெண்கள். வீடே ஓலைத் தடுப்பாக நிற்கிறது, அதற்குள் கோயில். தோட்டத்துக் கோயிலில் இருந்த செபஸ்தியார் சுரூபத்தை பஸ்தியான் மாமா கம்பளியில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். சுங்கத்தில் அவிழ்க்கச் சொன்னபோது, எங்க தாத்தா சார், உடம்பு சரியில்லை என்றாராம். அவரை வெயிலில் வைத்துக்கொண்டு எப்படி?

எங்கே கட்டுவது என்று கேட்டார்கள். என்னைத்தான்.

எங்கள் தோட்டத்தில் கோயில் கீழே இருக்கும், ஆற்றோரத்தில். வீடுகள் மேலே வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கிக் கோயிலுக்குப் போவோம். ஏறிப் போகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. இந்த மேட்டுக்குக் கீழே பார்த்தேன். சமதரை. கண்ணுக்கு எட்டின மட்டும் வெறுமை, அங்கங்கே ஒரு கருவேலம். மண் மெத்தென்று இருந்தது. மண்வெட்டி வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கியது. தூரத்தில் நீளமாக ஒரு மண்மேடு. அது என்ன ராயப்பா என்று மாமா கேட்டார். வெள்ளைக்காரன் காலத்து ரோடு என்றேன்.

கண்மாய்க்கரை சாமி அது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது கண்மாய்க்குள்ளே.

எங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க. மலையில் மழை பெய்தால் தண்ணீர் ஓடும், விழும், போய்விடும். ஒரு ஊர் அளவுக்குத் தண்ணீர் ஒரே இடத்தில் நின்று நாங்கள் பார்த்ததில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். நாங்கள் அளந்து கயிறு கட்டினோம், பார்த்தார்கள். சுடாத பச்சைக்கல் அறுத்துக் காயப்போட்டோம், பார்த்தார்கள். ஒருத்தர் சொல்லவில்லை. இதை மலரில் எழுதுங்க சாமி. ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஐம்பது வருஷமாக ஆறவில்லை.

அப்போது பங்குச் சாமியார் பத்து மைலுக்கு அப்பால் இருந்தார். மாதம் ஒரு முறை சைக்கிளில் வருவார். அவர்கூடக் கேட்டார், ஊர்ல கேட்டாச்சா ராயப்பா என்று. கேட்டாச்சு சாமி என்றேன். பொய் இல்லை. கேட்டது மாதிரிதான். வேலை நடக்கும்போது எத்தனை பேர் வந்து போனார்கள், யாரும் தடுக்கவில்லையே.

அழகுக் கோனார் என்று ஒருத்தர், ஆடு மேய்க்கிறவர். அவர் வந்து நின்றார் ஒரு நாள். அது வேறு கதை. தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னப்பா கட்டுறீக என்றார். கோயில் என்றேன்.

“இங்கயா?”

“ஏன், இங்க கட்டக்கூடாதா?”

“தண்ணி வருமேப்பா.”

மூன்று வருஷமாக வானம் எச்சில்கூடத் துப்பவில்லை. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் இரண்டு மைல் நடக்கிறார்கள். எனக்கு எப்படி இருக்கும்? கட்டவிடாமல் விரட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றியது. வந்தால் வரட்டும் பெரியவரே, குடிக்கத் தண்ணியில்லாமத்தானே கிடக்கோம் என்றேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் தொரட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். “சிலோன்காரவுகளுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

அது ஒரு சொல்லா சாமி? தெரிந்தவன் கையைப் பிடித்து இழுத்துச் சொல்ல வேண்டாமா? சண்டை போட வேண்டாமா? இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அது சொன்னதாகுமா? அதைச் சொன்னதாகக் கணக்கில் வைக்க முடியாது.

மூன்று மாதத்தில் கட்டி முடித்தோம். பச்சைக்கல் சுவர், பனையோலைக் கூரை. அழகாக இருந்தது சாமி. செபஸ்தியாரை உள்ளே வைத்த அன்றைக்கு எங்கள் பெண்கள் மேட்டு வாசலில் நின்று கீழே பார்த்து அழுதார்கள். கோயில் கூரை மேலிருந்து தெரிகிறதே, தோட்டம் மாதிரியே. கிழவிகள்கூட என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ராயப்பன் இல்லாட்டி நாம என்ன ஆகியிருப்போம் என்று பேசினார்கள்.

அடுத்த சித்திரையில் செசிலி போனாள். நாலு வயசு. வயிற்றால் போனது, மூன்று நாள். இந்தத் தண்ணீர் அவளுக்குச் சேரவில்லை. மலை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில், நேற்றே கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்டார்கள். முதல் நாள் ராத்திரியே மதலேன் போவோம் என்றாள். வெறும் சூடு, காலையில் சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தேன்.

புது ஊரில் முதல் குழி அதுதான். கோயிலை ஒட்டி வைக்கலாம் என்றார்கள். நாளைக்குக் கோயில் பெரிதாகும், தள்ளி வையுங்கள் என்றேன். கிழக்கே தள்ளி வைத்தோம். சாமான் கொண்டுவந்த தேயிலைப் பெட்டியின் பலகையை உடைத்து மாமா ஒரு சிலுவை செய்தார். தோட்டத்தின் பெயர் பாதி எழுத்து அதில் கருப்பாக இருந்தது. மதலேன் கம்பளி போட்டுப் புதைக்கச் சொன்னாள். சித்திரை வெயிலில் கம்பளியா என்று நான்தான் எடுத்துவிட்டேன். மண் தள்ளி முடித்ததும் மாமா என் தோளில் கை வைத்தார். “இப்பத்தான் ராயப்பா இது நம்ம ஊரு” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

எழுபத்தேழு ஐப்பசியில் மழை பிடித்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அண்டா குண்டா எல்லாவற்றையும் வெளியே வைத்தோம். ஆறு நாள் விடவில்லை. ஏழாம் நாள் காலையில் பெண்கள் கத்தினார்கள். போய்ப் பார்த்தால் கீழே நிலம் இல்லை. தண்ணீர், சாமி. நான் ரோடு என்று சொன்ன மேடுவரைக்கும் ஒரே தண்ணீர். கோயில் அதற்கு நடுவில் ஜன்னல்வரை முங்கி நின்றது. எங்களில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. மலைக்காரனுக்கு நீச்சல் எதற்கு? பார்த்துக்கொண்டே நின்றோம். மத்தியானத்துக்குள் சுவர் கரைந்தது. சத்தமே இல்லை. சர்க்கரைக்கட்டி மாதிரி கரைந்து, கூரை மட்டும் தண்ணீர் மேல் உட்கார்ந்து, மெல்லத் திரும்பி, கரைப் பக்கம் போனது.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மதலேனை யாரும் கவனிக்கவில்லை. அவள் இறங்கிப் போயிருக்கிறாள். இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. கிழக்கே பார்த்துப் போகிறாள். மாங்கண்ணிப்பட்டிப் பெண்கள் இரண்டு பேர் பாய்ந்து முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பிள்ளைக்குக் குளிருமே, பிள்ளைக்குக் குளிருமே என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திட்டினேன். எல்லார் முன்னாலும் திட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சுரூபத்தைக் கொண்டுவந்தது கோனார். அறுபது வயது ஆள், வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய், மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். என்னிடம்தான் நீட்டினார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. நான் கை நீட்டவில்லை. மதலேன் ஈரத்தோடு எழுந்துவந்து வாங்கிக்கொண்டாள்.

தண்ணீர் பங்குனி கடைசிவரை நின்றது. வற்றினதும் எல்லாரும் இறங்கினோம், எட்டுக் குடும்பமும். சாமி, அங்கே ஒன்றும் இல்லை. வண்டல் படிந்து வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. கோயில் எங்கே இருந்தது என்று அடையாளம் இல்லை. கருவேலத்தை அடையாளம் வைக்கலாம் என்றால், அந்த வருஷத்து விறகுக்கு யாரோ வெட்டியிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. சிலுவை இல்லை, மேடு இல்லை.

மதலேன் என்னைப் பார்த்தாள். எங்கங்க, என்றாள்.

மாமா பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

நான் நடந்தேன். தெரிந்தவன் நடக்கிற மாதிரி நடந்தேன். கொஞ்சம் நின்று மேட்டைப் பார்த்தேன், கரையைப் பார்த்தேன், இன்னும் நாலு எட்டு வைத்தேன். இந்தா, இங்கதான் என்று கையைக் காட்டினேன். மதலேன் அந்த இடத்தில் அப்படியே குப்புற விழுந்து மண்ணைக் கட்டிக்கொண்டாள். பிறகு நான் என்ன சொல்ல முடியும்? அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஆறு மாதமாகத் தூங்காதவள் அன்றைக்குத் தூங்கினாள் சாமி. பொய்யாக இருந்தால் தூக்கம் வருமா?

கோயிலைப் பிறகு மேட்டில் கட்டினோம், நீங்கள் பூசை வைக்கிற இதே கோயில். கடப்பாறை போட்டு இரண்டு வருஷம். மதலேன் வருஷா வருஷம் சித்திரையில் கண்மாய் வற்றினதும் இறங்கிப் போவாள். சுற்றி வைத்த கல்லெல்லாம் வண்டலில் பாதி புதைந்திருக்கும். தோண்டி எடுத்துக் கழுவி மறுபடி வைப்பாள். மெழுகுவத்தி ஏற்றி, ஆடு திரும்புகிற நேரம்வரை உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் வற்றாத வருஷம் கரையில் நின்று நான் கை காட்டின திசையைப் பார்ப்பாள். நாற்பத்தேழு வருஷம். வேறு பிள்ளை எங்களுக்குப் பிறக்கவில்லை.

ஒரு தரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எண்பத்து மூன்று என்று ஞாபகம், கண்மாய் அடியோடு காய்ந்த வருஷம். மாட்டைத் தேடிக்கொண்டு போனவன், கற்கள் இருக்கிற இடத்துக்கு ஐம்பது அறுபது எட்டு வடக்கே, வெடிப்புக்குள் ஒரு மரத்துண்டு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இழுத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை. ஆணி துருப்பிடித்து அப்படியே இருந்தது. எழுத்து ஒன்று தெரிந்தது.

மரம் மிதக்கும் சாமி. ஆறு மாதத் தண்ணீரில் ஒரு பலகை எங்கே வேண்டுமானாலும் போய் ஒதுங்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிமிர்ந்து பார்த்தேன், தூரத்தில் மதலேன் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். பலகையை வெடிப்புக்குள்ளேயே தள்ளி, காலால் மண்ணை மூடினேன். அந்த இடத்துக்கு அப்புறம் நான் போகவில்லை. மாடு அந்தப் பக்கம் போனால்கூட வேறு ஆளை அனுப்புவேன்.

அவள் என்னிடம் ஒரு தரமும் கேட்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நல்லாத் தெரியுமா, இதுதானா என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. போகிறதுக்கு இரண்டு நாள் முந்தி, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதே, உன்னை அவள் பக்கத்தில் வைக்க முடியாதே என்று நான் வருத்தப்பட்டேன். என் கையைத் தட்டினாள்.

“அவ எங்க இருக்கான்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விடுங்க. கஞ்சி ஆறுது.”

காய்ச்சல் சாமி. நூற்று நாலு இருந்தது. காய்ச்சலில் பேசினதைப் பெரிசாக எடுக்கக்கூடாது. அன்றைக்கே, தோட்டத்தில் கொழுந்து நிறுக்க நேரமாச்சு என்றுகூடச் சொன்னாள். அப்படித்தான் இதுவும். நாற்பத்தேழு வருஷம் ஒருத்தி தெரிந்துகொண்டே மெழுகுவத்தி ஏற்றுவாளா? நீங்களே சொல்லுங்க. ஏற்றுவாளா?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

வெயில் தாழ்ந்துவிட்டது. எழுந்திருக்காதீங்க, ஒரு நிமிஷம். நாளன்றைக்கு ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் மெழுகுவத்தியோடு கண்மாயில் இறங்கி, அவர்கள் முன்னாலேயே தோண்டுவது என்றுதானே ஏற்பாடு? திருப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகளெல்லாம் வருகிறார்கள். கோனார் வீட்டு ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறீர்களாம். வேண்டாம் சாமி. குழிக்குள் அத்தனை கண் எட்டிப் பார்க்கக்கூடாது. பிள்ளை அது. அவள் அம்மா பிள்ளையாக மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் ஒன்று கேட்கிறேன். ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களே பெட்டி, அதை இன்றைக்கே என்னிடம் கொடுத்துவிடுங்க. நாளைக் காலையில் நான் தனியாக இறங்குகிறேன். எழுபத்தேழு வயசானாலும் மண்வெட்டி பிடிப்பேன். கற்கள் இருக்கிற இடத்தில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தோண்டி, பெட்டியில் வைத்து, மூடி, நாலு பக்கமும் ஆணி அடித்துக் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிடுகிறேன். நீங்கள் திறக்க வேண்டாம். மந்திரித்தால் போதும். மதலேன் பக்கத்தில் இறக்கிவிடலாம்.

தூக்குகிறவர்களுக்குச் சந்தேகம் வராது சாமி. நாலு வயசுப் பிள்ளையின் கனம் கைக்கு மறக்காது. அந்த அளவுக்குத்தான் மண் போடுவேன்.